பிக்கப் வண்டிக்கு கித்தான் கூண்டு கட்டணும், பாம்பன் காத்துக்கு தாங்கணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

பாம்பன்_பிக்கப்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பத்தான் மொத தடவ கேள்வி போடுறேன், நீளமாப் போச்சுன்னா மன்னிச்சுக்கங்க.

வண்டி பொலிரோ பிக்கப். தொட்டி உள்ளளவு டேப் வச்சு அளந்தது 9 அடி நீளம், 5 அடி 7 இன்ச் அகலம். தங்கச்சிமடம் பாம்பன்ல இருந்து மதுரைக்கு கருவாடு வாரத்துல மூணு நடை, மாசி பங்குனில பரமக்குடி முதுகுளத்தூர் பக்கம் முண்டு வத்தல் லோடு. இம்புட்டு நாளும் கடைல விக்கிற நீலக்கலர் தார்ப்பாயத்தான் மேல போட்டு கயிறு கட்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு தார்ப்பாய் நாலு மாசம் வந்தா பெருசு, வெயில்ல நஞ்சு போயி கையில புடிச்சா அப்பளம் மாதிரி நொறுங்குது.

இந்த ஆடியில என்ன ஆச்சுன்னா, கச்சான் காத்து சும்மா பிச்சு ஒதறுன ஒரு நாளு, ரோட்டுப் பாலத்துல மேடு ஏறி நடுவுக்கு வந்ததும் டப்புன்டு ஒரு சத்தம். முன் மூலை வளையம் பிச்சுக்கிச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா டப்பு டப்புன்டு போச்சு, கண்ணாடில பாத்தா தார்ப்பாய் திருக்கை மீன் மாதிரி மேல அடிச்சுக்கிட்டு வருது, பாலத்துல நிறுத்தவும் முடியாது பின்னாடி பஸ்ஸு. மண்டபம் பக்கம் எறங்கி ஓரங்கட்டிப் பாத்தா மூணு சாக்கு வாய் தெறந்து கெடக்கு. பின்னாடி வந்த பைக்காரர் ஹெல்மெட்டக் கழட்டுறாரு, சட்டக் காலர்குள்ள இருந்து நெத்திலிய எடுத்து எங்கிட்டயே குடுத்தாரு. நல்ல மனுசன், ரெண்டு வார்த்தையோட விட்டுட்டாரு.

இனி தார்ப்பாய் வேண்டாம், பைப்ல வில்லு வளச்சு மேல கித்தான் தச்சு கூண்டாவே போட்டுறலாம்னு இருக்கேன். ஒரு எடத்துல கேட்டா தகரத்துலயே மூடி வெல்டிங் வச்சுருவோம்ங்கறாங்க, வெயிட்டு ஏறுமேன்னு பயமா இருக்கு. இன்னொருத்தரு கனமான பிவிசி ரெக்சின் போடு, யானை கட்டி இழுத்தாலும் கிழியாதுங்குறாரு. எங்க மாமனாரு வள்ளத்துக்காரரு, அவரு கித்தானத் தவிர எதுவும் ஆகாதுன்டு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. எந்தத் துணி, எம்புட்டு கனம், எத்தன வில்லு, பைப்பு வெல்டிங்கா போல்ட்டா, உப்புக்காத்துக்கு என்ன பூசுறது, செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே.

பட்டறை_வாசல்

தம்பி, நான் ராம்நாட்டுல பட்டறை வச்சிருக்கேன், ஃப்ரேம் சமாச்சாரம் மட்டும் சொல்றேன், துணியப் பத்தி தெரிஞ்சவங்க வருவாங்க.

தகரம் வேண்டாம். உங்க ஊர்ல தகரம் ரெண்டு வருசத்துல சல்லட. 1 இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) உருண்ட பைப்பு போடுங்க, ஏ கிளாஸ், அதாவது லேசான கனம், போதும், மீட்டருக்கு 2 கிலோ கணக்கு வரும். ஸ்கொயர் பைப்பு வேலைக்கு லேசு ஆனா அந்த மூலை விளிம்பு இருக்கு பாருங்க, அதுதான் துணிய அறுக்குற கத்தி. உருண்ட பைப்ப மணல் ரொப்பி ரெண்டு பக்கமும் கட்டையடிச்சு பெண்டர்ல வளைங்க, அப்பத்தான் வளையுற எடம் நசுங்காது. தோள்பட்டை வளைவு 6 இன்ச்சாவது இருக்கணும்.

9 அடி 108 இன்ச், அஞ்சு வில்லு போட்டா நடுவுல நாலு கட்டம், ஒரு கட்டம் 27 இன்ச். நிறைய பேரு மூணு வில்லோட நிறுத்திருவாங்க, காசு மிச்சம்னு. அப்புறம் மழ பெஞ்சா ரெண்டு வில்லுக்கு நடுவுல துணி தொட்டில் கட்டிக்கிரும். ரெண்டடிக்கு அஞ்சடி பள்ளத்துல ரெண்டு இன்ச் தண்ணி நின்னாலே 45 கிலோவுக்கு மேல. ஒரு ஆளு மேல படுத்திருக்குற மாதிரி. அதனால மேல் பக்கம் தட்டையா வேண்டாம், நடுவுல ஒரு 4 இன்ச் கூன் வையுங்க, மோட்டுல நீளவாக்குல ஒரு பைப்பு, தோள்பட்டை ரெண்டுலயும் ஒவ்வொண்ணு, மொத்தம் மூணு நீளப் பைப்பு.

ஒரு வில்லு சுமாரா 3.9 மீட்டர் வருது, பைப்பு 6 மீட்டர்ல விக்கும், அஞ்சு வில்லுக்கு அஞ்சு பைப்பு, நீளத்துக்கு ரெண்டு, ஆக ஏழு வாங்குங்க. வில்லு போக மிஞ்சுற துண்டு ஒவ்வொண்ணும் 2 மீட்டருக்கு மேல இருக்கும், அதத் தூக்கிப் போட்டுறாதீங்க, சைடுல குறுக்குச் சாய்வா வைக்க அதுதான். குறுக்குச் சாய்வு இல்லாத கூண்டு பிரேக் அடிச்சா முன்னாடி சாயும், ஏத்தத்துல பின்னாடி சாயும், ஆறு மாசத்துல எல்லா போல்ட்டும் ஓட்டை பெருத்துரும்.

தொட்டில நேரா வெல்டிங் வைக்காதீங்க. பைப்பு உள்ள எறங்குற மாதிரி குழல் பண்ணி, அத தொட்டி சைடுல 10 எம்எம் போல்ட்டு, நைலான் பூட்டு நட்டு, நடுவுல ரப்பர் வாசர் வச்சு முறுக்குங்க. வில்லு குழலுக்குள்ள எறங்கி ஒரு பின் போட்டா நின்னுரும், வேண்டாம்னா அரை மணி நேரத்துல கழட்டி வீட்டுச் செவுத்துல சாத்தி வச்சுரலாம். குழலோட அடி அடைச்சு இருக்கக் கூடாது, உப்புத் தண்ணி எறங்கி நின்னு உள்ளருந்து தின்னும். வில்லு மேல திறந்த வாய் எங்கயும் இருக்கக் கூடாது. ரெண்டும் ஞாபகம் இருக்கட்டும்.

வண்டி மேல எந்த எடத்துல வெல்டிங் வச்சாலும் மொதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டிருங்க. ஜிஐ பைப்புல வெல்டிங் வச்சா அந்த எடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிரும், வெள்ளப் பொகையா வரும், அந்தப் பொகைய இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் கேரண்டி, நான் சின்னப் பயலா இருக்கும்போது வாங்கியிருக்கேன், மலேரியான்னு நெனச்சு ஆசுபத்திரிக்கு தூக்கிட்டுப் போனாங்க. எரிஞ்ச எடத்த கம்பி பிரஷ் போட்டு தேச்சு ஜிங்க் ரிச் பெயிண்ட்டு ரெண்டு கோட்டு. அதுக்கு மேல எப்பாக்ஸி பிரைமர். ஜிஐ மேல சும்மா ரெட் ஆக்சைடு அடிச்சா வெயில்ல வெந்த தோலு மாதிரி உரிஞ்சு வரும், காசு தண்டம்.

மண்டபம்_வாத்தியார்

பட்டறை அண்ணன் சொன்னதுல எனக்கு ஒண்ணும் சேக்க இல்ல, காத்துக் கணக்கு மட்டும் சொல்றேன், பிசிக்ஸ் நடத்துற ஆளு, வாய் சும்மா இருக்காது.

வேகம் ரெண்டு மடங்கானா காத்து அழுத்தம் நாலு மடங்கு. 60 கிலோமீட்டர்ல ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ தள்ளும். 100-ல 47 கிலோ. நீங்க 60-ல போறீங்க, எதுத்தாப்ல 40-ல காத்து வருதுன்னா துணிக்கு அது 100-தான், ஸ்பீடாமீட்டர் என்ன சொல்லுதுங்குறது துணிக்குத் தெரியாது. பாலத்துல சைடு வாங்கும் வேற. உங்க சைடு 9 அடிக்கு மூணரை அடி வச்சா 2.9 சதுர மீட்டர், 60 கிலோமீட்டர் குறுக்குக் காத்துக்கு 50 கிலோ பக்கவாட்டுல தள்ளுது. பழைய ரயில் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல காத்து 58 கிலோமீட்டரத் தாண்டுனா சிக்னல் தானா சிவப்பாயிரும், ரயிலையே நிறுத்துன காத்து அது, காலி வண்டில கூண்டு மூடிக்கிட்டு அந்த மாதிரி நாள்ல பாலம் ஏறாதீங்க.

ஆனா உங்க தார்ப்பாய் கிழிஞ்சது இந்த அழுத்தத்துனால இல்ல. நீங்களே எழுதியிருக்கீங்க, மொதல்ல ஒரு மூலை, அப்புறம் வரிசையா. மூலை விட்டதும் காத்து உள்ள பூந்துருச்சு. பூந்ததும் துணி படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுருச்சு. கம்பிய அங்கிட்டும் இங்கிட்டும் மடக்கிக்கிட்டே இருந்தா முறியுதுல்ல, அதே கததான், செகண்டுக்கு எத்தனையோ தடவ ஒவ்வொரு வளையத்தையும் சுண்டி சுண்டி இழுக்குது. எம்புட்டு கனத்த துணி போட்டாலும் தொளதொளன்னு கட்டுனா அது கிழியும், லேசான துணியா இருந்தாலும் மத்தளம் மாதிரி இறுக்கி வச்சா நிக்கும். அதனால கனம் என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி இறுக்குறது எப்பிடின்னு யோசிங்க.

முக்கியமா முன் பக்கம். கேபினுக்கு மேல கூண்டு 4 இன்ச்சுக்கு மேல தலை தூக்கக் கூடாது. முன் வில்லு மேல துணி மடிஞ்சு கேபின் முதுகுப் பக்கம் எறங்கி கீழ கட்டணும், முன்னாடி ஒரு விரல் எடைவெளி கூட காத்தப் பாத்து வாயத் தெறந்துக்கிட்டு இருக்கக் கூடாது. பின் பக்கம் வேணா திறந்து போங்க, முன்னாடி ஓட்டை இருந்து பின்னாடி மூடியிருந்தா அது கூண்டு இல்ல பலூன்.

உப்பப் பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. காரைக்குடி செக்ரிக்காரங்க (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இரும்பு எப்பிடி அரிக்குதுன்னு பாக்குறதுக்கு மண்டபத்துலதான் எடம் புடிச்சு வச்சாங்க, நம்ம ஊரு காத்தோட பெரும அது.

தையல்மிஷின்_அக்கா

தம்பி உங்க மாமனாரு சொல்றது சரி, பிவிசி சொன்னவரும் தப்பில்ல, லோடப் பொறுத்தது. நான் சாமியானா, படகு மூடி, சீட் கவரு எல்லாம் தைக்கிறேன், 19 வருசம் ஆச்சு.

பிவிசி தண்ணி விடாது, கழுவுனா போதும். ஆனா மூச்சு விடாது. கருவாட்டுல இருக்குற ஈரம் மத்தியானம் வெயிலுக்கு ஆவியாகி மேல போயி துணில முத்து முத்தா கோத்துக்கிட்டு சாயங்காலம் சொட்டும், மழை வெளில இல்ல உள்ள பெய்யும். மதுரை போய் சேர்றதுக்குள்ள மேல் சாக்கு நமுத்துப் போயிரும். பருத்திக் கித்தான்னா ஆவி வெளிய போயிரும், மழ விழுந்தா நூலு ஊதி ஓட்டைய அடைச்சுக்கிரும். கருவாட்டுக்கு கித்தான்தான்.

கித்தான் வாங்கும்போது மெழுகு ஏத்துனதா வெள்ளத்துணியான்னு கேளுங்க. மெழுகு ஏத்துனதுன்னா நனைக்காம அப்பிடியே வெட்டலாம். வெள்ளத்துணின்னா வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ நனைச்சு காயப் போட்டே ஆகணும். நான் ஒருக்கா அவசரத்துல நனைக்காம படகு மூடி தச்சுக் குடுத்துட்டேன், மொத மழைக்கே 10 அடி துணி 9 அடி 7 இன்ச்சா சுருங்கி ஒரு ஓரத்துல இருந்த வளையம் பூரா பிடுங்கிக்கிச்சு, இனாமா மறுபடி தச்சுக் குடுத்தேன். அந்தப் பாடம் போதும்.

அளவு: சைடு 42 இன்ச், மேல கூனோட 70, அந்தப் பக்கம் 42, ஆக 154. தொட்டிப் பலகைக்கு வெளிய ரெண்டு பக்கமும் 6 இன்ச் தொங்கணும், தண்ணி பலகைக்கு உள்ள போகாம இருக்க. ஓரம் மடிக்க 3, 3. மொத்தம் 172 இன்ச், 14 அடி 4 இன்ச். துணிய நீளவாக்குல போடாதீங்க, குறுக்கால போடுங்க, அதாவது ஒரு சைடுல இருந்து மோட்டு மேல ஏறி அடுத்த சைடுல எறங்கணும். அப்பத்தான் தையல் வழியா தண்ணி ஓடும், தையல தாண்டி ஓடாது. 6 அடி அகல ரோலு கெடச்சா ரெண்டே துண்டு, ஒரே ஒரு ஜாயிண்ட்டு. முன்னாடி 6 இன்ச் மடிக்க விட்டுட்டு கணக்குப் பாத்தா அந்த ஜாயிண்ட்டு 66-வது இன்ச்ல விழுது, மூணாவது வில்லு 54, நாலாவது 81, சரியா நடுவுல. தையல் பைப்பு மேல ஒக்காரக் கூடாது, தேஞ்சு போகும்.

முன் துண்டு பின் துண்டு மேல ஏறணும். ஓலைக்கூரை வேயுறப்போ மேல் ஓல கீழ் ஓல மேல ஏறுதுல்ல, அது மாதிரி, இங்க காத்து முன்னாடி இருந்து வர்றதுனால முன்னது மேல. மாத்தித் தச்சா காத்து அந்த உதட்டத் தூக்கிப் பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு ஜீன்ஸ் பேண்ட்டுல கால் உள்பக்கம் இருக்கே அந்த மாதிரி ரெண்டு வரிசை அடிக்கணும். இன்ச்சுக்கு ஆறு தையல் போதும். நெருக்கி அடிச்சா பலம்னு நெனச்சு பத்து பன்னெண்டு அடிப்பாங்க, அது தபால்தலை ஓரத்துல ஓட்டை போட்ட கணக்கா கிழிக்க வசதியா இருக்கும். ஊசி 21 நம்பரு, நூலு பாலியஸ்டரு. பருத்தி நூலு நம்ம ஊரு ஈரத்துக்கு துணிக்கு முன்னாடி செத்துரும்.

ஓரத்துல மூணு மடிப்பு, உள்ள நைலான் நாடா ஓடணும், வளையம் அந்த நாடாவையும் சேத்துக் குத்தணும். வளையம் பித்தளை. அலுமினியம் வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலம் போனா சுண்ணாம்பு மாதிரி வெள்ளப்பொடி ஆகி விரல்ல நசுங்கும். பித்தளை பச்சை புடிக்கும், புடிச்சுட்டுப் போகட்டும். 9 இன்ச்சுக்கு ஒண்ணு, மூலைல ரெண்டு ரெண்டு. பைப்பு பட்டு தேயுற எடத்துல எல்லாம் உள்பக்கம் நாலு இன்ச் பட்டியா இன்னொரு அடுக்கு தச்சுருங்க, தேஞ்சா பட்டி தேயட்டும்.

சும்மா_ஒரு_ஆள்

இதுக்கு எதுக்கு இம்புட்டு? பழைய எஞ்சின் ஆயில எடுத்து கித்தான் மேல பூசி விடுங்க, ஒரு சொட்டு தண்ணி எறங்காது. எங்க அப்பா காலத்துல லாரிக்கெல்லாம் அதான்.

தையல்மிஷின்_அக்கா

திங்கிற சாமானுக்கு மேல எஞ்சின் ஆயிலா? வெயில்ல சொட்டி கருவாட்டு மேல விழுந்தா அந்த சாக்க யாரு வாங்குவா, நீங்க வாங்குவீங்களா? ஒரு பீடித்துண்டு பறந்து வந்து விழுந்தா வண்டியோட போயிரும். மெழுக கற்பூரத்தைலத்துல (டர்பன்டைன்) கரைச்சு பிரஷ்ல பூசுங்க, கரைக்கிறப்போ அடுப்புல நேரா வைக்காதீங்க, அடுப்ப அணைச்சுட்டு சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள டப்பாவ எறக்கி வையுங்க, வெளில காத்தோட்டமா. வாடை ஒரு வாரம் இருக்கும், அது போனப்புறம் லோடு ஏத்துங்க.

கீழக்கரை_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரெண்டு வருசமா என் குட்டியானைல கித்தான் கூண்டு ஓடுது, சாயல்குடி ஏர்வாடி லைனு. வாத்தியார் சொன்ன இறுக்கம் நூத்துக்கு நூறு உண்மை, ஆனா ஒரு வெவகாரம் சொல்லணும்.

நான் மொத தடவ கட்டுனப்போ நைலான் கயிறு போட்டு நல்லா முறுக்கி இறுக்கிட்டேன். மழைல நைலான் கயிறு நீளும், கித்தான் சுருங்கும், ரெண்டும் சேந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். அப்பிடி நடக்கல. துணி சுருங்குறது கயிறு நீளுறத விட ஜாஸ்தி, பின் மூலைல துணி வில்லு மேல ஏறி வலிச்சு நின்னுச்சு. காஞ்சதும் கயிறு தொளதொளன்னு ஆயிருச்சு. இப்ப ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனி முடிச்சு போடுறதில்ல, ஒரே கயிறு, தொட்டிக்கு அடில கொக்கி, வளையம் கொக்கி வளையம் கொக்கின்னு ஷூ லேஸ் மாதிரி போயி பின்னாடி ஒரே எடத்துல முடிச்சு. எங்க இழுத்தாலும் கயிறு ஓடி தானா சமம் ஆயிக்கிரும். கடைசி மூணு கொக்கிக்கு சைக்கிள் கேரியர் ரப்பர் மாதிரி ரப்பர் கயிறு, அது விட்டுக் குடுக்கும்.

பைப்பு மேல பழைய டியூப்ப சுத்துனா துணி தேயாதுன்னு ஒருத்தர் சொல்லி நானும் சுத்துனேன். ஆறு மாசம் கழிச்சுப் பிரிச்சா அடில பைப்பு சொறி புடிச்சுக் கெடக்கு, ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வர வழியே இல்ல. சுத்தாதீங்க. அக்கா சொன்ன பட்டிதான் சரி.

அப்புறம் எஃப்சி, வண்டி தகுதிச் சான்று. போல்ட்டு போட்டு கழட்டுற மாதிரி இருந்தாலும் கட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுருங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு, வண்டிய மாத்துறதப் பத்தித்தான். தகரம் போட்டு நிரந்தரமா மூடுனா அது மாத்துனதுதான்னு நிப்பாங்க, ஆர்சில ஏத்தாம ஓட்ட முடியாது. பின் லைட்டு, நம்பர் பிளேட்டு மேல துணி தொங்குனா பிரேக் இன்ஸ்பெக்டர் சும்மா விட மாட்டாரு, பின் படுதாவ அதுக்கு மேலயே நிறுத்துங்க, ரிப்ளெக்டர் டேப்பு ஒட்டுங்க. கூண்டு வந்துருச்சு நெழல் இருக்குன்னு ஏலக்கடைக்குப் போற பொம்பளையாள்க பின்னாடி ஏறிக்கிறோம்னு கேப்பாங்க, எங்கிட்டயும் கேட்டாங்க, பாவமாத்தான் இருக்கும், ஏத்தாதீங்க. சரக்கு வண்டில ஆளு ஏத்தி ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் திரும்பிப் பாக்க மாட்டான்.

பாம்பன்_பிக்கப்

எல்லாருக்கும் பெரிய கும்புடு. இம்புட்டு பதில் வரும்னு நெனைக்கல, வீட்டுக்காரி கிட்ட படிச்சுக் காட்டுனேன், தபால்தலை கணக்கு அவளுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கருவாட்டு வாடை கித்தான்ல ஏறிரும்ல, மாசில வத்தல் லோடு ஏத்தும்போது மெளகாக்காரரு சாக்க மோந்து பாத்துட்டு எறக்குன்டு சொல்லிட்டா? ரெண்டாவது, மாமனாரு மயில்துத்தத் தண்ணில துணிய முக்கி எடுத்தா பூசணம் புடிக்காதுங்குறாரு, பழைய பாய்மர வள்ளத்துப் பருத்திப் பாய்க்கு செஞ்சாங்களாம், செய்யலாமா?

தையல்மிஷின்_அக்கா

வாடை ஏறினா ஏறினதுதான் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு செட்டு துணி வச்சுக்கிற வசதி இல்லன்னா உள்ள ஒரு மெல்லிசு பிவிசி விரிப்பு வாங்குங்க. வத்தல் ஏத்துற நாள்ல தரைலயும் சைடுலயும் அத விரிச்சு அதுக்குள்ள சாக்க அடுக்குங்க, மேல மட்டும் திறந்து விடுங்க. வத்தல் கால் ரெண்டு மாசம், சமாளிச்சுக்கலாம். பங்குனி முடிஞ்சதும் நல்ல தண்ணில கித்தான ஒருக்கா அலசி காய வையுங்க, உப்பு இருந்தா துணி காயவே காயாது, ராத்திரி ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். நல்ல தண்ணிக்கு நம்ம ஊர்ல எங்க போறதுன்னு கேக்காதீங்க, நானே காவிரித் தண்ணி வர்ற நாள எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். மொத மழைல மேல் பூரா நனைய விட்டு அலசுங்க, அதுவே பாதி வேல.

ஈரத்தோட மட்டும் சுருட்டி வைக்காதீங்க. ஒரு ராத்திரி போதும், கரும்புள்ளி வந்துரும், அப்புறம் என்ன போட்டாலும் போகாது.

பட்டறை_வாசல்

மயில்துத்தம் செம்பு உப்பு, பூசணத்துக்கு நல்லதுதான், பாய்க்கு சரி, பாய்ல இரும்பு கெடையாது. இங்க ஜிஐ பைப்பு இருக்கு. துத்தம் நனைஞ்சு பைப்பு மேல பட்டா துத்தநாகத்த தின்னுட்டு செம்பு அது மேல படியும், அந்த எடம் அப்புறம் இன்னும் வேகமா போகும். மாமனார்ட்ட நைசா சொல்லுங்க, வள்ளத்துக்காரங்க கிட்ட நேரா சொன்னா கோவம் வரும், எனக்கும் ஒரு மாமனாரு இருந்தாரு.

மண்டபம்_வாத்தியார்

பருத்தி வலைக்கு புளியங்கொட்டைச் சாயம் ஏத்துவாங்க, எங்க தாத்தா வீட்டுல அந்தப் பானை ரொம்ப நாளு கெடந்துச்சு. மாமனார்ட்ட அத வேணா கேட்டுப் பாருங்க, துணிக்கு எப்பிடின்னு எனக்கும் தெரிஞ்சுக்க ஆச.

பாம்பன்_பிக்கப்

பழைய கேள்விய மேல தூக்குறதுக்கு மன்னிக்கணும், செஞ்சு முடிச்சவன் வந்து சொல்லாமப் போனா நல்லா இருக்காதுல்ல.

கூண்டு கட்டி மூணு மாசம் ஆச்சு. அஞ்சு வில்லு, மூணு நீளப் பைப்பு, எடைக்கல்லுல போட்டுப் பாத்தேன் குழலு கொக்கி குறுக்கு பைப்பு எல்லாம் சேத்து 70 கிலோவ ஒட்டி வருது. மெழுகேத்துன கித்தான் கெடைக்கல, வெள்ளத்துணிதான், ரெண்டு தடவ நனைச்சு தென்னந்தோப்புல கயிறு கட்டிக் காயப் போட்டோம், 30 அடி துணி ஒண்ணேகால் அடி உள்ள வந்துச்சு. அக்கா சொல்லலன்னா அந்த ஒண்ணேகால் அடி என் தலைல விழுந்திருக்கும். தைக்கிறதுக்கு ராம்நாட்டுல ஒரு கடைல குடுத்தேன், அவரு பத்து தையல் அடிக்கப் போனாரு, நான் ஆறு போதும்னேன், என்னய ஒரு பார்வ பாத்தாரு.

ஐப்பசி மொத மழைல ஜாயிண்ட்டு ஊசி ஓட்டை வழியா சொட்டுச்சு, அடடா போச்சேன்டு ஒக்காந்துட்டேன். ஒரு மணி நேரத்துல நின்னுபோச்சு, நூல சுத்தி துணி ஊதிருச்சு போல. அதுக்கப்புறம் அந்த எடத்துல சொட்டல. கார்த்திகைல வாடைக்காத்து நல்லா அடிச்ச ஒரு நாளு பாலத்துல 40-ல போனேன், கண்ணாடியவே பாத்துக்கிட்டு போனேன், மேல ஒரு மடிப்பு கூட ஆடல. வண்டி மட்டும் லேசா ஒரு பக்கம் தள்ளுச்சு, அது வாத்தியார் கணக்கு.

தப்பு ஒண்ணு நடந்துருச்சு. பின் வலது மூலைல பட்டி வைக்க மறந்துட்டோம், அங்க பின் போடுற கம்பி தலை நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டாவது மாசமே ரூவாக் காசு அளவுக்கு தேஞ்சு வெளிச்சம் தெரியுது. கம்பித் தலைய ராவி விட்டுட்டேன். ஓட்டைய எங்க மாமனாரே தச்சாரு, உள்ளங்கைல தோல் பட்டை மாட்டிக்கிட்டு, நூல தேன்மெழுகுல இழுத்து இழுத்து, மிஷின் தையல விட அது நல்லா இருக்கு. தைக்கும்போது மயில்துத்தம் பேச்ச எடுக்கவே இல்ல. முடிச்சுட்டு மிச்சம் கெடந்த ரெண்டு முழம் கித்தான சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு கெளம்பிட்டாரு, வள்ளத்து எஞ்சினுக்கு மூடி தைக்கப் போறாராம். நனைச்ச துணிதானான்டு வாசல்ல நின்னு ரெண்டு தடவ கேட்டாரு.

தையல்மிஷின்_அக்கா

அந்த மூலைய போட்டோ எடுத்து போடுங்க தம்பி. கைத்தையல் பாத்து ரொம்ப நாளாச்சு.